கோடு போடத் தெரிந்த பெண்ணுக்கு என்ன படிப்பு?

ஆண்டுதோறும் மே மாதத்தில், மேல்நிலைத் தேர்வு முடிவு வெளிவந்த சில நாட்களில், யாராவது ஒரு மாணவி தன் தாயுடனோ தந்தையுடனோ பள்ளிக்கு வருவாள். வகுப்பில் சுவர்ப் பத்திரிகைக்குப் படம் போட்டவள் அவள்தான். ஆண்டு விழாவில் மேடைத் திரையை வரைந்தவளும் அவள்தான். மதிப்பெண்ணும் நன்றாகவே இருக்கும். "டீச்சர், எனக்கு வரையறதுதான் பிடிக்கும். பில்டிங்குக்கு பிளான் போடற படிப்பு, டிசைன் படிப்பு எல்லாம் இருக்காமே, அதில சேர முடியுமா?" என்று கேட்பாள்.

அப்போது அவளிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். பிளஸ் டூவில் கணிதம் படித்தாயா? நுழைவுத் தேர்வு எழுதினாயா? இரண்டுக்கும் அவள் தலையை ஆட்டி, "இல்லை" என்பாள். திறமை இருக்கிறது, ஆசை இருக்கிறது, பெற்றோரின் சம்மதமும் இருக்கிறது. ஆனால் கதவு சாத்தப்பட்டுவிட்டது. அந்தக் கதவு சாத்தப்பட்ட நாள் எது என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

இப்போது ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் படிக்கும் அவளுடைய தங்கைகளுக்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. பெற்றோரும் உடனிருந்து படிப்பார்களாக.

கட்டடக்கலை என்பது என்ன?

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்பது நம் முன்னோர் வாக்கு. நம் பக்கத்தில் வீடு கட்டுவதென்றால் மேஸ்திரியை அழைக்கிறோம். ஊராட்சி அனுமதிக்கும் வங்கிக் கடனுக்கும் பிளான் தேவைப்பட்டால் ஓர் இன்ஜினியரிடம் போகிறோம். அத்துடன் வேலை தொடங்கிவிடுகிறது. ஆர்க்கிடெக்ட் என்பவரை நம்மில் பலர் பார்த்ததே இல்லை. ஆகவே சிவில் இன்ஜினியரிங்கும் கட்டடக்கலையும் ஒன்றே என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டும் வேறு. மேல் தளம் நிற்குமா, எத்தனை கம்பி வேண்டும், அடித்தளம் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று கணக்கிடுவது சிவில் இன்ஜினியரின் முதன்மையான பணி. அந்த வீட்டில் மனிதர் எப்படி வாழ்வார் என்று முதலிலேயே எண்ணிப் பார்ப்பது ஆர்க்கிடெக்டின் பணி. மாலை வெயில் எந்தச் சுவரில் விழும்? காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறும்? அடுப்புப் புகை போக வழி உண்டா? வயதான பாட்டி உட்கார்ந்து தெருவைப் பார்க்க ஓர் இடம் உண்டா? மழைத் தண்ணீர் எங்கே போகும்? இவற்றையெல்லாம் கோடுகளாக்கித் தாளில் கொண்டுவருவதே கட்டடக்கலை.

இதை நம் ஊரிலேயே சோதித்துப் பார்க்கலாம். மே மாதத்து மதியத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டின் தாழ்வாரத்தில் சிறிது நேரம் உட்காருங்கள். பிறகு அன்று இரவு ஒரு புதிய மெத்தை வீட்டில் படுத்துப் பாருங்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை இரவில் மெல்ல மெல்லக் கீழே விடுகிறது. மின்விசிறியோ அந்தச் சூடான காற்றையே சுற்றி அடிக்கிறது. இது யாருடைய தவறும் அன்று. கட்டுவதற்கு முன் யாரும் கேட்காத ஒரு கேள்வியின் விளைவு. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு இயற்பியலும் கணிதமும் தேவைப்படுகின்றன. இப்படிப்புக்கு அவ்விரு பாடங்களும் ஏன் கட்டாயம் என்பது இப்போது விளங்கும்.

புதுச்சேரியில் 'கோல்கொண்டே' என்றொரு விடுதிக் கட்டடம் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தார் தங்குவதற்காக 1930-களின் பிற்பகுதியில் அதன் பணி தொடங்கியது. வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட் என்னும் ஆர்க்கிடெக்ட். இந்தியாவின் தொடக்ககாலக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று அது. ஆயினும் உள்ளே குளுமையாக இருக்கும். சன்னல்களுக்குப் பதிலாகச் சுவர் நெடுகிலும் திறந்து மூடக்கூடிய கிடைமட்டப் பலகைகளை அமைத்து, வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விட்டார்கள். கான்கிரீட்டே ஆனாலும், சிந்தித்துக் கட்டினால் நம் வெயிலையும் வெல்லலாம் என்பதற்கு அது சான்று.

பழமைக்கும் நாம் எங்கும் போக வேண்டியதில்லை. சுந்தரர் பிறந்த ஊர் என்று பெயர் பெற்ற நம் திருநாவலூரில், பத்தாம் நூற்றாண்டுச் சோழர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கிய கோயில் நிற்கிறது. ஆயிரம் ஆண்டு மழையும் வெயிலும் கண்ட அக்கற்களை அளந்து, அடுக்கி, நிறுத்தியவர்களும் கணக்கையும் கோட்டையும் ஒருசேரக் கற்றவர்களே.

வடிவமைப்பு என்பது என்ன?

'டிசைன்' என்றவுடன் சேலைக் கரையும் ரவிக்கையும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. அது ஒரு பகுதிதான். நாற்காலி, பள்ளிப் பை, பாடநூலின் பக்கம், மருத்துவமனையில் வழி காட்டும் பலகை, விளையாட்டுப் பொம்மை, கைப்பேசியின் திரை, துணி, பீங்கான் ஆகிய இவை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் எண்ணி வடிவமைத்திருக்கிறார்.

1958-ஆம் ஆண்டு இந்திய அரசின் அழைப்பின் பேரில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை கொடுத்தனர். நாட்டிலேயே மிக அழகிய வடிவம் கொண்ட பொருள்களில் ஒன்றென அவர்கள் வியந்து எழுதியது எதைத் தெரியுமா? நம் வீட்டுச் செம்பை! எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், இடுப்பில் எப்படி உட்கார வேண்டும், கழுத்தைப் பிடித்தால் கைக்கு அடங்குமா, ஊற்றும்போது சிந்தாமல் விழுமா, தேய்த்துக் கழுவ முடியுமா என்று பல தலைமுறை மக்கள் பார்த்துப் பார்த்துச் செய்த வடிவம் அது. அந்த அறிக்கையின் பயனாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது.

நம் மாவட்டத்துக் கள்ளக்குறிச்சி மரச் சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது நமக்கெல்லாம் பெருமை. அக்கைத்திறனை இன்றைய வீடுகளுக்கு ஏற்ற பொருள்களாக்கித் தருவதற்கும் படித்த வடிவமைப்பாளர்கள் வேண்டும். அவர்கள் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

கதவு சாத்தப்படும் முதல் நாள்

பத்தாம் வகுப்பு முடிந்து பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும் நாளே அந்த நாள்.

பி.ஆர்க். என்னும் ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டத்தில் சேர வேண்டுமானால், மேல்நிலையில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம் படித்திருக்க வேண்டும். கணிதத்துடன் உயிரியல் படித்தவரும் சேரலாம். கணிதத்துடன் கணினி அறிவியல் படித்தவரும் சேரலாம். ஆனால் "கணக்கு வராது" என்று அஞ்சி, கணிதம் இல்லாத அறிவியல் பிரிவையோ வணிகவியல் பிரிவையோ எடுத்தவர் சேர இயலாது. பதினைந்து வயதில் ஒரு மதிய நேரத்தில் எடுத்த முடிவு ஐந்தாண்டுப் படிப்பையே தடுத்துவிடுகிறது.

பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ படிப்பவருக்கும் வழி உண்டு. அங்கே கணிதத்தை ஒரு பாடமாகப் படித்திருந்தால், நுழைவுத் தேர்வு எழுதிப் பி.ஆர்க். முதலாண்டில் சேரலாம்.

பி.டெஸ். எனப்படும் நான்காண்டு வடிவமைப்புப் பட்டத்தின் நிலை வேறு. தேசிய வடிவமைப்பு நிறுவனங்கள், நிஃப்ட், ஐ.ஐ.டி. ஆகியவற்றின் பி.டெஸ். படிப்புகளுக்கு எந்தப் பிரிவு மாணவியும் விண்ணப்பிக்கலாம். ஆகவே கணிதம் எடுக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். உங்களுக்கு இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. எதில் சேர்வது என்று இன்னும் முடிவு செய்யாதவர்களோ கணிதத்தைக் கைவிடாதிருப்பதே நன்று. அவர்களுக்கு இரு கதவுகளும் திறந்திருக்கும்.

கதவு சாத்தப்படும் இரண்டாம் நாள்

தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் சேர்க்கைக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு கிடையாது. "பிளஸ் டூ மார்க் போதும்" என்று பெற்றோர் பலர் எண்ணுவதற்கு அதுவே காரணம். கட்டடக்கலைக்கு அப்படி அன்று. நாடு முழுவதும் இப்படிப்பை நெறிப்படுத்துவது, 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின்படி அமைந்த கட்டடக்கலைக் கவுன்சில். திறனறி தேர்வில் தகுதி பெறாதவரைச் சேர்க்கக்கூடாது என்பது அதன் விதி.

கவுன்சிலே நடத்தும் தேர்வுக்கு 'நாட்டா' என்று பெயர். 2006 முதல் நடந்து வருகிறது. 2025-ஆம் ஆண்டுத் தேர்வு மொத்தம் 200 மதிப்பெண்களுக்கு நடந்தது. அதில் 80 மதிப்பெண் கையால் வரைவதற்கும், கொடுத்த பொருள்களைக் கொண்டு முப்பரிமாண உருவம் அமைப்பதற்கும். மீதி 120 மதிப்பெண் கணினியில் விடையளிக்கும் வினாக்களுக்கு. உருவங்களைப் பகுத்தறிதல், எண், தர்க்கம் போன்றவை அதில் வந்தன.

தமிழ்நாட்டு அரசுக் கலந்தாய்வில் மேல்நிலை மதிப்பெண்ணை 200-க்குக் கணக்கிட்டு, நாட்டா மதிப்பெண் 200-ஐயும் சேர்த்து, 400-க்குத் தரவரிசை இடுகிறார்கள். ஆகவே பள்ளிப் படிப்பும் பாதி, வரைதிறனும் பாதி. ஒன்றில் குறைந்தாலும் மற்றதால் ஓரளவு ஈடு செய்துகொள்ளலாம். இக்கலந்தாய்வில் வரும் கல்லூரிகளில் மூத்தது சென்னை கிண்டியிலுள்ள கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி. 1957-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையாகத் தொடங்கி, 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அதன் அங்கமானது.

இரண்டாவது வழி ஜே.இ.இ. முதன்மைத் தேர்வின் கட்டடக்கலைத் தாள். திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகம், தில்லி, போபால், விஜயவாடா நகரங்களிலுள்ள மத்திய அரசின் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகள் முதலியவற்றுக்கு இதுவே வழி. கணிதம், திறனறிதல், வரைதல் என மூன்று பகுதிகள். மொத்தம் 400 மதிப்பெண். திருச்சியில் பாதி இடங்கள் தமிழ்நாட்டவர்க்கு உரியவை. பெண்களுக்கெனக் கூடுதல் இடங்களும் உண்டு. 2021 முதல் இத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது தமிழ்வழி மாணவியர் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

மரபுவழிக் கலையில் நாட்டமுள்ளோர் மாமல்லபுரத்திலுள்ள அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியையும் எண்ணிப் பார்க்கலாம். 1957-இல் தொடங்கிய அக்கல்லூரியில் கோயில் கட்டடக்கலை, சிற்பம், மரபு ஓவியம் ஆகியன பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. 1850-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கல்லூரியில் ஓவியம், சிற்பம் மட்டுமல்லாமல் துணி வடிவமைப்பு, பீங்கான் வடிவமைப்பு ஆகியவையும் உண்டு.

வடிவமைப்புத் தேர்வுகள் மூன்று. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் முதல்நிலைத் தேர்வு டிசம்பரை ஒட்டி வருகிறது. ஐ.ஐ.டி.க்களின் பி.டெஸ். சேர்க்கைக்கான 'யூசீட்' தேர்வை மும்பை ஐ.ஐ.டி. ஜனவரியில் நடத்துகிறது. நிஃப்ட் தேர்வு பிப்ரவரியை ஒட்டி நடைபெறுகிறது. அந்நிறுவனத்தின் கிளை ஒன்று சென்னை தரமணியில் இருக்கிறது.

மாதங்களைக் கவனித்தீர்களா? இம்மூன்றும் மேல்நிலைப் பொதுத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடுகின்றன! விண்ணப்பங்களோ அதற்கும் முன்பாக, செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே தொடங்கிவிடுகின்றன. ஜே.இ.இ. தேர்வின் முதல் சுற்றும் ஜனவரியில்தான். மே மாதம் மதிப்பெண் பட்டியலோடு வரும் மாணவிக்கு ஓராண்டு கைநழுவிப் போவது இதனால்தான். பன்னிரண்டாம் வகுப்பின் காலாண்டுத் தேர்வு நடக்கும் நேரமே விண்ணப்பத்தைத் தேட வேண்டிய நேரம் என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். விதிகளும் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டின் அறிவிப்பை ஆசிரியையின் உதவியோடு ஒரு வரி விடாமல் படித்துவிட வேண்டும்.

கையைப் பழக்குவது எப்படி?

"பட்டணத்தில் ஆயிரக்கணக்கில் செலவு செய்து பயிற்சி பெறுகிறார்களே, நமக்கு ஏது வழி?" என்று கேட்கலாம். தேர்வில் சோதிக்கப்படுவது முகத்தை அச்சாக வரையும் திறமை அன்று, பார்ப்பதும் எண்ணுவதுமே. அதை இங்கிருந்தே பழகலாம்.

மார்கழியில் பதினைந்து ஊடுபுள்ளி வைத்து, ஒரு புள்ளியும் விடாமல் கோலத்தை முடிக்கும் பெண்ணுக்குச் சமச்சீரும் விகிதமும் ஏற்கெனவே தெரியும். அவள் அடுத்துச் செய்ய வேண்டியது, தரையிலிருந்து தாளுக்கு வருவதுதான்.

கோடு போடாத நோட்டு ஒன்று வாங்குங்கள். நாளுக்கு ஒரு பொருளைப் பார்த்து வரையுங்கள்: செம்பு, அம்மி, அடிபம்பு, சைக்கிள். ஒரே பொருளை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வரையுங்கள். வாரத்தில் ஒரு நாள், பார்க்காமல், நினைவிலிருந்து ஒரு காட்சியை வரையுங்கள்: உளுந்தூர்பேட்டைப் பேருந்து நிலையம், வாரச் சந்தை, மழை நாளில் கெடிலம் ஆறு. தூரத்திலுள்ள மனிதர் எவ்வளவு சிறியவராய்த் தெரிகிறார் என்பதைக் கவனியுங்கள்.

விடுமுறையில் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டை அளந்து பாருங்கள். ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து அதைத் தாளில் வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சன்னல் எங்கே என்று குறியுங்கள். பிறகு அம்மாவிடம், "இந்த வீட்டில் எது உங்களுக்குத் தொல்லையாய் இருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டு, அதே தாளில் ஒரே ஒரு மாற்றம் செய்து காட்டுங்கள். கட்டடக்கலையில் உங்களுக்கு அதுவே முதல் பாடம். அதில் உங்களுக்கு இன்பம் பிறக்கிறதா, சலிப்புத் தட்டுகிறதா என்பதைக் கொண்டே இப்படிப்பு உங்களுக்கு ஏற்றதா என்று அறிந்துகொள்ளலாம். படம் அழகாக வரவில்லையே என்று மட்டும் பின்வாங்க வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ஐந்தாண்டுப் படிப்பு என்பது சிறிய பொறுப்பன்று. இரவு வெகுநேரம் கண்விழித்து வரைய வேண்டியிருக்கும். கணினிக்கும் தாளுக்கும் மாதிரி உருவங்கள் செய்வதற்கும் செலவாகும். இடையில் குறைந்தது ஒரு பருவம் ஒரு ஆர்க்கிடெக்டின் அலுவலகத்தில் பயிற்சி பெற வேண்டும். படித்து முடித்தவுடன் கைநிறையச் சம்பளம் வந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. தொடக்கத்தில் சில ஆண்டுகள் கற்றுக்கொள்ளும் காலமாகவே கழியும். கட்டடம் நடக்கும் இடத்தில் வெயிலில் நின்று மேஸ்திரியோடும் கொத்தனாரோடும் பேச வேண்டியும் வரும்.

"பெண்பிள்ளைக்கு இது ஆகுமா?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. 1936-லேயே பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் கட்டடக்கலைப் பட்டயம் பெற்றார் பெரின் ஜம்ஷெட்ஜி மிஸ்திரி என்னும் பெண்மணி. இலங்கையின் கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வா, 1948-இல் பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்டுகளின் அரச கழகத்தில் இணை உறுப்பினரானார். ஆசியப் பெண்களில் அப்பேறு பெற்ற முதல்வர் அவரே. தம் ஊர்ப் பாய் நெசவாளரின் கைவேலையைப் புதிய வீடுகளுக்குள் கொண்டுவந்தவரும் அவர்தாம். கிண்டியில் பயின்ற ஷீலா ஸ்ரீ பிரகாஷ், 1979-இல் சென்னையில் சொந்தமாக ஒரு கட்டடக்கலை நிறுவனத்தையே தொடங்கி நடத்திக் காட்டினார்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசுக் கலந்தாய்வு வழியே சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வி பயிலும்போது மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் 2024-25 கல்வியாண்டு முதல் அது விரிவாக்கப்பட்டது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தின் பளபளப்பில் மயங்க வேண்டாம். இக்கல்லூரி கட்டடக்கலைக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் கேளுங்கள். சட்டப்படி கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவரே தம்மை 'ஆர்க்கிடெக்ட்' என்று சொல்லிக்கொள்ளலாம். அங்கீகாரமில்லாத படிப்பைப் படித்தவருக்கு அந்தப் பதிவு கிடைக்காது. 'உள் அலங்காரம்', 'கட்டட வடிவமைப்பு' என்று பெயர் மட்டும் ஒத்திருக்கும் குறுகிய காலப் படிப்புகளும் விளம்பரத்தில் வருகின்றன. அவற்றால் ஒரு தொழிலைக் கற்கலாம். ஆர்க்கிடெக்ட் ஆக இயலாது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு பணத்தைக் கட்டுங்கள்.

அன்பு மாணவியரே, இவ்வளவையும் படித்தபின் நீங்கள் செய்ய வேண்டியவை மூன்றுதான். குரூப் எடுக்கும் நாளில் கணிதத்தைக் கண்டு ஓடாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பின் செப்டம்பர் மாதத்தை நாட்காட்டியில் இன்றே வட்டமிடுங்கள். அந்த வெள்ளை நோட்டில் இன்று மாலையே முதல் படத்தை வரையுங்கள்.

அடுத்த முறை ஒரு மாணவி தன் பெற்றோருடன் வரும்போது, "டீச்சர், சேர முடியுமா?" என்று கேட்க வேண்டாம், "டீச்சர், சேர்ந்துவிட்டேன்" என்று சொல்லட்டும். அந்த நாளுக்காக நாங்கள் காத்திருக்கிறோம்.